அக்காவின் மாத்திரைப் பை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்திக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். உடனே பதில் போட முடியவில்லை, அக்காவோடு அலைச்சல். இரண்டு மாதத்துக்கு முன் விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவள், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்துவிட்டாள். எலும்பு தப்பியது. நெற்றியில் நான்கு தையல்.

நீ கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, ராத்திரி எழுந்தால் கிறுகிறுவென்று வருகிறது, வயசாகிவிட்டது என்று. அக்காவும் ஒரு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் வயசு என்றே விட்டுவிட்டோம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

தையல் பிரித்ததும் முதியோர் நலம் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையும் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். மஞ்சள் பையை அப்படியே மேசையில் கவிழ்த்தேன். பிரஷருக்கு டெல்மிசார்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு என்று மூன்று, கால் வீக்கத்துக்கு ஃப்ரூஸ்மைடு, மூட்டு வலிக்கு நாமே கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக். அடியில் மடிப்பெல்லாம் கிழிந்த பழைய சீட்டு. அந்தச் சீட்டு எழுதியபோது அக்காவுக்கு 66 வயது, 68 கிலோ. இப்போது 81, எடை 49 கிலோ. மெடிக்கல் ஷாப்பில் சீட்டை நீட்டுவோம், அவர்கள் கொடுப்பார்கள், அப்படியே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

டாக்டர் அக்காவை ஐந்து நிமிஷம் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். 142/74. கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமலே எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் 112/62. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் அவளை நிற்கவைத்து யாரும் பார்த்ததே இல்லை. உட்காரவைத்துப் பார்த்து, 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் ஒவ்வொரு அட்டையாக எடுத்து இது எதற்கு என்று கேட்டார். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். அந்த வீக்கத்துக்குத்தான் இன்னொரு இடத்தில் ஃப்ரூஸ்மைடு சேர்த்திருக்கிறார்கள். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. ரத்தத்தில் சோடியம் 128 தான் இருந்தது, 135-க்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு முக்கியக் காரணம் ஹைட்ரோகுளோரோதயசைடாக இருக்கும் என்றார். கொஞ்ச நாளாக அவள் பேச்சு குழம்பியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. வலி மாத்திரையும் ஹைட்ரோகுளோரோதயசைடும் முதல் நாளே போயின. இரண்டு வாரம் கழித்து அம்லோடிபினைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைத்தார். வீக்கம் வற்றியதும் ஃப்ரூஸ்மைடும் நின்றது. இப்போது உட்கார்ந்தால் 146, நின்றால் 136. சுவரைப் பிடிக்காமல் கொல்லைப்புறம் போய் வருகிறாள்.

146 அதிகமில்லையா என்று அவள் மகன் பயந்தான், எனக்கும் அந்தக் கவலை இருந்தது. 80 தாண்டியவர்களை வைத்து நடந்த ஹைவெட் ஆய்வில், 2008-இல் வெளியானது அது, மேல் அளவுக்கு வைத்த இலக்கே 150 தான். அதிலேயே இறப்பும் இதயச் செயலிழப்பும் குறைந்தன. இங்கிலாந்தில் 80 தாண்டிய 569 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2020-இல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஒரு பிரஷர் மருந்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், 150-க்குக் கீழே இருந்தவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 12 வாரம் கொஞ்ச காலம்தான், ஒத்துக்கொள்கிறேன். திடமாக நடமாடுகிறவர்களுக்கு 75-க்கு மேலும் நன்றாகக் குறைத்து வைப்பதுதான் நல்லது என்று சொல்லும் ஆய்வும் உண்டு. ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நீயாக எதையும் நிறுத்திவிடாதே. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி நிறுத்தி, பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. அதுவும் நீ பிரஷருக்குப் போடுவது அட்டெனலால். அதைத் திடீரென்று விட்டால் நெஞ்சு வலியே வரலாம். எனக்குச் சந்தேகம் போன வருஷம் புராஸ்டேட்டுக்குச் சேர்த்த டாம்சுலோசின் மேல்தான். எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும் குணம் அதற்கு உண்டு. உன் கிறுகிறுப்பும் அதற்குப் பிறகுதானே ஆரம்பித்தது? மூத்திரத்துக்குப் பார்த்தவருக்கு நீ அட்டெனலால் போடுவது தெரியுமா?

மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் தெருவுக்கு வரும் அந்தப் பெண்ணிடம், அடுத்த முறை நிற்கவைத்தும் ஒரு தடவை பார்க்கச் சொல். இரண்டு அளவையும் தேதி போட்டு எழுதி வை. அதுவரை ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நில்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவா, கடையில் சும்மா வாங்கினதையும் சேர்த்து. அந்த டாக்டரிடம் உனக்கும் ஒரு நாள் வாங்கி வைக்கிறேன். அக்கா உன்னை ரொம்பக் கேட்டாள்.

உன் அன்பு நண்பன்