போர்வை போர்த்திய டிவி: தமிழ் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் வணக்கம்.

1999 டிசம்பரில் பாலாவின் ‘சேது’ வந்தது. நானும் தம்பியும் சேர்ந்துதான் பார்த்தோம். சேதுவாக நடித்த விக்ரம் மொட்டைத்தலையும் சங்கிலியுமாக, மனநோயாளிகளை வைத்திருக்கும் மடத்தில் கிடந்ததைப் பார்த்து இரண்டு பேரும் அழுதோம்.

நாலு வருடம் கழித்துத் தம்பிக்கே மனச்சிதைவு நோய் வந்தது. எங்களுக்குப் புரியவில்லை. சேதுவுக்குத் தலையில் அடிபட்டுப் புத்தி பேதலிக்கிறது. தம்பிக்கு அடி எதுவும் படவில்லை. முதலில் ஷேவ் பண்ணுவதை விட்டான். அப்புறம் நண்பர்கள் வந்தால் கதவைத் திறக்க மாட்டான். ஒருநாள் ராத்திரி டிவி மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, “நாம பேசுறது அதுக்குக் கேக்குதுக்கா” என்றான். அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினார். டாக்டரிடம் போய்ச் சேர ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தை நம் படங்களில் நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் காட்டிய சங்கிலி பொய்யில்லை. ‘சேது’ வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

ஆனால் சேதுவுக்குக் குணமாகிவிடுகிறதே! வெளியே வந்தால் அவன் காதலித்த அபிதா இறந்து கிடக்கிறாள். தெளிந்த புத்தியோடு அவனே மடத்துக்குத் திரும்பிவிடுகிறான். படமாக அது பெரிய முடிவுதான். ஆனால் தம்பிக்கு என்ன நோய் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, “அப்போ இவன் இனிமே வீட்டுக்கே வர முடியாதா?”

வந்தான். ஆரம்பத்தில் கொடுத்த மாத்திரையில் விரல் நடுங்கும், தோசையைப் பிய்க்க வராது. அம்மா அடுக்களையிலேயே பிய்த்துத் தட்டில் போட்டுக் கொண்டுவருவார், அவன் கவனிக்காத மாதிரி சாப்பிடுவான். மருந்தை மாற்றியதும் நடுக்கம் குறைந்தது. இப்போது ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறான். மாதாமாதம் மாத்திரை வாங்க அவனே பஸ் ஏறிப் போகிறான்.

உச்சக் காட்சியை எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய போர்வையையும் பிந்தைய தோசையையும் சேர்த்து எடுங்கள். கதை விவாதத்துக்கே ஒரு மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள். ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லிச் சிரிக்க வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வசனத்துக்குத் தியேட்டர் சிரிக்கும்போது தம்பி எழுந்து வெளியே போய்விடுகிறான். இடைவேளை முடிந்தும் உள்ளே வருவதில்லை.

இப்படிக்கு,
அவன் அக்கா