குறிப்பேட்டில் ஒரு விமானம்: சில நன்றிகள்

அன்புடையீர்,

வணக்கம். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கம்போடியா விடுதலை பெற்ற வரலாற்றைப் பற்றி நான் எழுதிய சிறுநூல் அச்சாகி வந்துவிட்டது. முன்னுரையில் இரண்டு வரியில் நன்றி சொல்லி முடித்தது எனக்கே நிறைவாக இல்லாததாலும், உதவியவர்களில் பெரும்பாலோர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாலும், பெயர் குறிக்காமல் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, புனோம் பென்னில் மூன்று நாள் என்னோடு அலைந்த கல்லூரி மாணவருக்கு. கட்டடக் கலைஞர் வான் மொலிவான் வடிவமைத்த விடுதலை நினைவுச் சின்னம் அந்நகரின் நடுவே, தாமரை மொட்டுப் போல, அடுக்குதோறும் நாகத் தலைகளோடு நிற்கிறது. அதன் பெயரை அவர் ‘விமியன் ஏக்கரீச்’ என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் குறிப்பேட்டை வாங்கி, கம்போடிய மொழியான கெமரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றின் பழைய ஒலியையும் சொல்லிக்கொண்டே போனார்: வி, மா, ன, ஏ, க, ரா, ஜ்ய. நம் கோயில் கருவறைக்கு மேலே எழும் அதே விமானம்தான். ‘ஏகராஜ்யம்’ அங்கே விடுதலை என்ற பொருளில் வழங்குகிறது. நூலின் மூன்றாம் இயல் அந்தப் பக்கத்திலிருந்துதான் பிறந்தது.

பல்லவர் எழுத்தின் வழிவந்த கெமர் எழுத்தை நீக்கிவிட்டு, அன்றாட ஆட்சிப் பணிக்கும் பள்ளிக்கும் ரோமன் எழுத்தைக் கொண்டுவர, பிரெஞ்சு அதிகாரி ஜார்ஜ் கொத்தியே 1943-இல் முனைந்தார். 1945 மார்ச் 9 அன்று ஜப்பானியர் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்த சில நாள்களிலேயே, இளம் மன்னர் சிஹானூக் விடுதலையை அறிவித்ததோடு அந்த எழுத்து மாற்றத்தையும் ரத்து செய்தார். ஒரு நாடு தன் முதல் ஆணைகளுக்குள் எழுத்தைக் காப்பாற்றியதன் கனத்தை எனக்கு உணர்த்தியவர், ஓய்வுபெற்ற வடமொழிப் பேராசிரியர் ஒருவர். காடுகளிலிருந்து பிரெஞ்சுக்காரரை எதிர்த்த ‘கெமர் இசரக்’ என்ற பெயரிலுள்ள சொல், பாலி மொழியின் ‘இஸ்ஸர’, அதாவது நம் ஈசுவரனுக்கு உறவு என்று விளக்கியவரும் அவரே.

அடுத்து, ஒரு மடத்தின் தாழ்வாரத்தில் எனக்குத் தேநீர் கொடுத்த முதிய பிக்கு. 1942 ஜூலையில், பாலிப் பள்ளி ஆசிரியரான ஹெம் சியூ என்ற பிக்குவைத் துறவு நீக்கும் சடங்கு எதுவும் செய்யாமலேயே கைது செய்தார்கள். ஜூலை 20 அன்று பிக்குகளும் பொதுமக்களுமாகப் பெருங்கூட்டம், ‘நகரவத்த’ இதழின் ஆசிரியர் பாச் சோயுன் முன்னே நடக்க, பிரெஞ்சு ஆளுகை அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு சென்றது. பிக்குகள் கையிலிருந்தது குடை; அதனால் இதற்குக் குடை எழுச்சி என்று பெயர். ‘ஏன் குடை?’ என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே மூலையிலிருந்த தம் குடையை எடுத்து விரித்துக் காட்டி, ‘வெயில்’ என்றார். நான் அதில் ஏதோ பெரிய குறியீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்! ஹெம் சியூ மறு ஆண்டு புலோ கொந்தோர் தீவுச் சிறையில் இறந்தார்.

என் முதல் வரைவைச் சிவப்பு மையால் நிரப்பிய வரலாற்று ஆசிரியருக்குச் சொல்லும் நன்றியில் கொஞ்சம் வெட்கமும் உண்டு. 1945 அறிவிப்புக்குப் பின் பிரெஞ்சு ஆட்சி திரும்பி வந்து, கடைசியில் 1953 நவம்பர் 9-இல் கிடைத்த விடுதலையை மன்னர் ஒருவரின் அரசதந்திர வெற்றியாகவே நான் எழுதியிருந்தேன். வெளிநாடுகளில் குரல் எழுப்பி, பாங்காக்கில் போய் உட்கார்ந்து அவர் பிரான்சை நெருக்கியது உண்மைதான். ஆனால் 1884-இல் பீரங்கிப் படகின் நிழலில் ஒப்பந்தம் திணிக்கப்பட்டதும் மறு ஆண்டே இளவரசர் சி வோத்தா தலைமையில் வெடித்த கலகம் எங்கே, வரிக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராக 1916-இல் தலைநகருக்கு நடந்த உழவர்கள் எங்கே என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஓர் இயல் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

கடைசியாக, புதுச்சேரியில் தம் தந்தையின் தகரப் பெட்டியைத் திறந்துகொடுத்த அம்மையாருக்கு. புதுச்சேரித் தமிழர் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவில் அரசுப் பணி பார்த்தவர்கள். அவர் தந்தை சைகோனில் எழுத்தராக இருந்தவர். 1942-இல் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் சம்பளம் இருக்கிறது, மழை இருக்கிறது, தங்கையின் கல்யாணச் செலவு இருக்கிறது; பிக்குகளின் ஊர்வலம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘உங்களுக்கு உதவாது போலிருக்கிறதே’ என்று அம்மையார் வருந்தினார். ஆள்பவர்களோடு மேசையின் அதே பக்கத்தில் நம்மவர்களும் அமர்ந்திருந்தார்கள் என்பதை எழுத எனக்கு அந்த மௌனம்தான் தேவைப்பட்டது, அம்மா. பெட்டியின் சாவி இன்னும் என்னிடமே இருக்கிறது. வரும் ஞாயிறு நூலின் படியோடு கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்