கம்பியில் ஏறக் கற்கும் மகளுக்கு

திருவையாறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. நானும் சின்ன அத்தையும் நலமாக இருக்கிறோம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். குறுவைக்கு நாற்று விட்டவர்கள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மற்ற ஊர்ச் செய்திகளைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

நீ மெல்பர்னில் 'போல் ஃபிட்னஸ்' என்ற கம்பிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையின் பேத்தி தன் கைபேசியில் உன்னுடைய வீடியோவைக் காட்டினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தரைக்கும் கூரைக்கும் நடுவே நிறுத்திய எஃகுக் கம்பியை ஒரு கையால் தலைக்கு மேலே பற்றி, மறு கையைத் தாழ வைத்து, வெளிக்காலை வீசி எடுத்து, இரண்டு முழங்கால்களாலும் கம்பியை இறுக்கிக்கொண்டு நீ ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியதைப் பார்த்தபோது, பள்ளி மைதானத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கயிறு ஏறக் கற்றுக்கொடுத்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓட்டப்பந்தயத்துக்குக்கூடப் பெயர் கொடுக்காத பெண், 46 வயதில் தன் உடம்பின் முழு எடையையும் தன் கைகளில் தாங்கியிருக்கிறாள் என்று அத்தையிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனால் பேத்திக்குச் சொன்னதை எனக்குச் சொல்ல உனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தமும் அதே மூச்சில் வந்தது. உன் அப்பன் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையே இதுதானே அம்மா.

உன் பெரியம்மாவும் பார்த்தார். உடையைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் சொல்லவிடவில்லை. உலோகக் கம்பியைப் பிடித்து நிறுத்துவது துணி அல்ல, தோல்தான். துணி வழுக்கும், தோல் பற்றும். விழுப்புரத்துப் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் லங்கோடு மட்டும் கட்டிக்கொண்டு ஏறுவதும் அதற்காகத்தான். அவர்களைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. அது தேக்குமரம், விளக்கெண்ணெய் பூசியது, அடி பருத்து நுனி சிறுத்தது. உன்னுடையது 45 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பி, எண்ணெய் பட்டால் ஆபத்து. ஆகவே வகுப்புக்குப் போகும் நாளில் காலிலும் கையிலும் தேங்காயெண்ணெயோ கிரீமோ தடவாதே. இதை உன் ஆசிரியை சொல்லியிருப்பார், இருந்தாலும் நானும் சொல்கிறேன்.

வீடியோவை நான் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. உன் கணுக்கால் முன்பக்கத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. புதிதாகக் கற்பவர்களுக்கு இது வரும். கம்பி அழுந்துகிற இடங்களில் தோலுக்குக் கீழே ரத்தம் கட்டுகிறது. கம்பியில் ஏறும்போது கெண்டைக்காலின் முன் எலும்பும் பாதத்தின் மேற்புறமும் அழுந்தும். உட்காரும்போது உள்தொடை அழுந்தும். காலைக் கொக்கி போட்டால் முழங்காலின் பின்மடிப்பு அழுந்தும். பழகப் பழகத் தோல் தேறிவிடும். இவை எல்லாம் எனக்குப் புரிகின்றன, பயமில்லை. பொங்கலன்று நீ வீடியோ அழைப்பில் பேசியபோது உன் மேல்கையின் வெளிப்புறத்தில் ஒரு தடம் இருந்தது. நான் பார்த்தவுடன் நீ ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாய். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது இந்த வகுப்பைப் பற்றி அறிந்தவுடன், ஓ, இதனால்தானா என்று மனம் ஆறியது. ஆனால் தொடக்கநிலைப் பாடங்களை யூடியூபில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றில் எந்தப் பிடியிலும் கம்பி மேல்கையின் வெளிப்புறத்தில் அழுந்தவில்லை. அடிபடாமலேயே கன்றிப்போகிறது என்றால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். வேறு எதனாலாவது என்றால், அதையும் எனக்கு எழுது.

இப்போது எலும்பு. அம்மாவின் இடுப்பெலும்பு எப்படி முறிந்தது என்பது உனக்குத் தெரியும். அவள் எங்கிருந்தும் விழவில்லை, முற்றத்தில் கால் பிசகியதுதான். உன் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் முதுகு எப்படி வளைந்திருந்தது என்பதையும் பார்த்திருக்கிறாய். நீ அவர்கள் வழியில் வந்தவள், உடம்பு வாகும் அதுதான். மாதவிலக்கு நிற்கப்போகும் ஆண்டுகளிலும் நின்ற பிறகான சில ஆண்டுகளிலும் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது என்பதை அப்பா எழுதுகிறேனே என்று கூச்சப்படாதே. வகுப்பில் பாடமாக நடத்தியதுதான். எடையைத் தாங்கும் பயிற்சி எலும்புக்கும் தசைக்கும் நல்லது, அந்த வகையில் நீ தேர்ந்தெடுத்தது சரியான வழி. ஆனால் உயரத்திலிருந்து விழுவது மட்டும் கூடாது. ஆகவே ஒரு டெக்சா பரிசோதனை எடுத்து எலும்பு அடர்த்தியைத் தெரிந்துகொண்டு, ஆசிரியையிடமும் சொல்லிவிட்டு ஏறு. கம்பியின் அடியில் கனமான மெத்தை விரித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நீயே பார். இருக்கும் என்று நம்பி ஏறாதே, கண்ணால் பார்த்துவிட்டு ஏறு.

தலைகீழாகத் தொங்கும் நிலைக்கு அவசரப்படாதே. தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும். உன் பெரியப்பாவின் கண் எப்படிப் போயிற்று என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்தக் கோளாறு ரத்த உறவில் தொடரக்கூடியது. கண் அழுத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள். பிறகு, நீ தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். 40 வயதுக்கு மேல் தோள் இறுகிப்போகும் நோய் பெண்களுக்கு அதிகம் வரும், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். கையைப் பின்னால் கொண்டுபோய் முடி பின்னுவதில் சிரமம் தெரிந்தால் அன்றே கம்பியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போ.

தோளைத் தளர விட்டுத் தொங்காதே. முதலில் தோள்பட்டை எலும்புகளைக் கீழே இழுத்து இறுக்கிக்கொண்டு, அதற்குப் பிறகு காலைத் தரையிலிருந்து எடு. கயிறு ஏறிய பிள்ளைகளுக்கு நான் சொன்ன முதல் பாடம் இது. தசை சில வாரங்களில் வலுப்பெறத் தொடங்கிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அதைவிடப் பின்தங்கித்தான் பழகும், உன் வயதில் இன்னும் மெதுவாக. 'நேற்று முடிந்ததே' என்று இன்று கூடுதலாகச் செய்கிறவர்களுக்குத்தான் முழங்கையின் உள்பக்கம் வலி பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் விடாது. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விடு. வலது பக்கம் செய்ததை இடது பக்கமும் செய். பலமுள்ள பக்கத்தில் மட்டுமே சுற்றினால் முதுகு ஒருபுறமாக இழுக்கும். சுழலும் கம்பி என்று ஒன்று உண்டாம். உடம்பை ஒடுக்கினால் வேகம் கூடும், காலை விரித்தால் குறையும். உனக்குச் சிறு வயதிலிருந்தே ராட்டினம் ஆகாது, ஏகாதசித் திருவிழாவில் நடந்தது நினைவிருக்கும். முதலில் சுழலாத கம்பியிலேயே பழகு. இறங்குவதற்கான பலம் மீதி இருக்கும்போதே இறங்கத் தொடங்கு. கை களைத்த பிறகு இறங்குவதற்குப் பெயர் இறங்குவது இல்லை.

உன்னை வரகூர் உறியடிக்கு அழைத்துப்போனது நினைவுக்கு வருகிறது. வழுக்கு மரத்தில் ஏறுகிறவர்கள் மீது தண்ணீரை வாரியடிப்பார்கள். மேலே இருப்பவனின் காலுக்குக் கீழே ஒருவன் தோள் கொடுத்து நிற்பான். நானும் ஏறுகிறேன் என்று நீ அழுதாய். பெண் குழந்தைகள் ஏறக் கூடாது என்று யாரோ சொன்னார்கள், நீ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு ஏற முடியாமல் போனது இன்றைக்கு வேறொரு கண்டத்தில் நடக்கிறது என்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த ஆட்டம் மேல்நாட்டில் இரவு விடுதிகளில் ஆடியவர்களிடமிருந்து வந்தது, அதனால்தான் நீ எங்களிடம் மறைத்தாய் என்று பேத்தி சொன்னாள். பாப்பா, நான் திருவையாற்றுக்காரன். நம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தியாகராஜர் சமாதி இருக்கிறது. அதை 1920களில் தன் நகைகளை விற்றுக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். அவர் கட்டிய இடத்திலேயே பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1952இல் அவர் மறைந்த பிறகு சமாதிக்கு எதிரேதான் அவருக்கும் இடம் அமைந்தது, அங்கே அவர் சிலை இன்றும் இருக்கிறது. அதே மரபுப் பெண்கள் ஆடிய சதிரைத்தான் ஊர் முதலில் இழிவாகப் பேசியது. 1935இல் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையில் ஆடிய பிறகு அதுவே பரதநாட்டியமாக நல்ல வீட்டுப் பெண்களுக்கு உரியதாயிற்று. ஆடிக் காப்பாற்றியவர்களை எத்தனை பேர் நினைத்தார்கள்? உன் வகுப்பில் யாராவது 'நாங்கள் அந்த விடுதிப் பெண்கள் போல அல்ல' என்று சொன்னால் நீ அதில் சேராதே. அவர்கள் கண்டுபிடித்த பிடிகளில்தான் நீ தொங்குகிறாய். 2009இல் இதற்கு ஒரு சர்வதேச சம்மேளனம் அமைந்து, இப்போது உலகப் போட்டியில் 40 வயதைக் கடந்தவர்களுக்கும் 50 வயதைக் கடந்தவர்களுக்கும் தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். நீ போட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை; வெட்கப்பட்டு மறைக்க இதில் எதுவும் இல்லை என்று சொல்கிறேன். இதில் மட்டுமல்ல, எதிலுமே என்னிடம் மறைக்க எதுவும் இல்லை.

வீடியோ அழைப்பில் பின்னால் தெரிந்த வீடு பழைய வீடு மாதிரி இல்லை. சின்ன ஜன்னல், வேறு திரைச்சீலை. மாப்பிள்ளைக்கு நான் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். இந்த ஆண்டு அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாமா, எழுதினால் எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரிவி. நீ முன்பெல்லாம் 'நாங்கள் கடைக்குப் போனோம்' என்று எழுதுவாய். இப்போது 'போனேன்' என்று எழுதுகிறாய். நான் தவறாகப் படித்திருக்கலாம். வயதானவன் ஒரே செய்தியைப் பல முறை படிக்கும்போது இல்லாததும் தென்படும்.

டெக்சா எடுத்துவிடு. ரத்தப் பரிசோதனையையும் மறக்காதே. மேல்கைத் தடம் மறைந்துவிட்டதா என்பதை ஒரு வரியில் எழுது.

இன்னொன்று. மாடி அறையில் நெல் மூட்டைகளை எடுத்துவிட்டு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். கூடத்தின் மேல்தளம் மரமும் ஓடும், அது தாங்காது. மாடி அறைக்குக் கான்கிரீட் தளம், உயரம் பத்தடிக்கு மேல் இருக்கிறது, நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாலும் எந்தச் சுவரும் இடிக்காது. கும்பகோணத்துக் கடையில் கிடைக்கும் எவர்சில்வர் குழாயை நடலாம் என்று கொத்தனார் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆள் எடையையும் சுழற்சியையும் தாங்குவதற்கென்றே செய்து சோதித்த கம்பிதான் வேண்டும். உன் பெயரில் போட்ட வைப்புத்தொகை ஆவணியில் முதிர்கிறது, பயணச் செலவுக்கும் கம்பிக்கும் அது போதும். விடுமுறைக்கு வந்தாலும் சரி, அதற்கு மேல் தங்க வந்தாலும் சரி, யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. பெரியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தரையிலும் கூரையிலும் திருகி முடுக்கும் கம்பியா, அழுத்தத்திலேயே நிற்கும் கம்பியா, எது உனக்குப் பழக்கம் என்று எழுதினால் அதற்கேற்பக் கொத்தனாரை வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா