பட்டியலில் முதலில் நின்ற கெரட்டின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் உயிரி தகவலியல் படிப்பு பற்றி உங்கள் கல்வி மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலைவாய்ப்பைப் பற்றி நிறைய இருந்தது, எதைக் கற்க வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம்தான்.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒரு திசுவிலுள்ள ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே மூச்சில் அளக்கும் புரோட்டியோமிக்ஸைக் கற்க, 44 வயதில் 15,000 ரூபாய் கட்டி ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். எந்தப் பட்டனை அழுத்துவது என்பதோடு பாடம் முடிந்தது. சான்றிதழ் மட்டும் பளபளவென்று வந்தது.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று 'பிரைட்' என்ற பொதுப் புரதத் தரவுக் களஞ்சியத்திலிருந்து கல்லீரல் தரவை இறக்கினேன். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவான, இத்தகைய தரவிலிருந்து புரதங்களை அடையாளம் காணும் மேக்ஸ்குவான்ட் மென்பொருள் இலவசம்தான். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விடிகாலை கரண்ட் போனது, பழைய லேப்டாப்பும் படுத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் வந்த புரதப் பட்டியலின் உச்சியில் நின்றது கெரட்டின்! பெருமையோடு முன்னாள் மாணவிக்குப் போன் போட்டேன். "மேம், அது சாம்பிளைக் கையாண்டவங்களோட தோல், முடியிலிருந்து வந்தது" என்று சிரித்தாள். இத்தகைய மாசுகளை மென்பொருளே குறியிட்டுத் தருகிறது. அந்த வரிகளை நீக்க வேண்டும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்லவில்லை. புரதங்களை டிரிப்சின் நொதியால் துண்டாக்கி, துண்டுகளைக் கருவியில் எடை பார்த்து, எது எந்தப் புரதத்தின் துண்டு என்று கணினி பொருத்துகிறது. தற்செயலாகவும் பொருந்திவிடும். அதனால் புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் தலைகீழாக எழுதி, உண்மையானவற்றோடு கலந்து தேடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயர்களையும் சேர்த்துக் கூப்பிடுவதைப் போலத்தான். அதற்கும் "எஸ் மேம்" என்று குரல் வந்தால், வகுப்பில் ப்ராக்ஸி எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்தப் பொய்ப் பொருத்தங்கள் 1 சதவீதத்தைத் தாண்டாதபடி வரம்பு வைப்பது வழக்கம்.

இந்தப் பாடத்தை நடத்தப் பெரிய கருவி தேவையில்லை. தரவும் மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கின்றன, கல்லூரிக் கணினிகளே போதும். பிள்ளைகளை வெளி வகுப்புகளில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பணம் கட்டுமுன், "பொய்ப் பொருத்தத்தை எப்படி எண்ணச் சொல்லித் தருவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்