கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே

அன்புள்ள வாலு,

ஏழு மாதமாகப் பதில் போடாததற்கு என்ன காரணம் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். குசலம் அவ்வளவுதான். ‘அப்பாவோட வீடியோ கேசட் என்னடி ஆச்சு?’ என்று நீ இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று மழுப்பினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் ஒரு நிபந்தனை. எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் உன் கெட்ட பழக்கத்தை இன்று ஒருநாள் மூட்டை கட்டி வை. வரிசையாகப் படி. அப்புறம் திட்டு.

எல்லாம் ஒரு படத்தில் ஆரம்பித்தது. மாதச் சந்தா கட்டும் ஒரு ஆப்பில் பாதி பார்த்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போனேன். மறுநாள் படத்தையே காணோம், உரிமம் முடிந்துவிட்டதாம். இத்தனை வருடம் பணம் கட்டியும் நான் அங்கே குடக்கூலிக்கு இருப்பவள்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்து, அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் டிவிடி, ப்ளூ-ரே, பாட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் அதில் போட்டு, எந்த அறையிலிருந்தும் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். நெட்டையிடம் சொன்னேன். ‘மறுபடியுமா?’ என்றாள். அந்த ரேடியோ விவகாரத்தை அவள் சாகும்வரை விடமாட்டாள்.

முதலில் பழைய கணினியையே சர்வராக்கப் பார்த்தேன். மீட்டர் வைத்து அளந்தால், சும்மா இருக்கும்போதே 65 வாட். இரவும் பகலும் ஓடினால் வருடத்துக்கு 569 யூனிட். யாரும் பார்க்காத நேரத்திலும் தின்றுகொண்டே இருக்கும். அதனால் அதைக் கேசட் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஃபயர்வயர் இணைப்பு அதில்தான் இருக்கிறது, உன் அப்பாவின் கேமராவிலிருந்து மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட்டை ஒழுங்காக இறக்க அது வேண்டும். சர்வருக்கென்று கையடக்கமாக ஒரு மினி பிசி வாங்கினேன். அது 8 வாட், வருடத்துக்கு 70 யூனிட். ஹார்ட் டிஸ்க் சுற்றும்போது கொஞ்சம் கூடும். 8 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டேன்.

மென்பொருள் ஜெல்லிஃபின். அதன் பிறப்பு உனக்குப் பிடிக்கும். எம்பி (Emby) என்று ஒரு மென்பொருள் திறந்த மூலமாக, அதாவது யாரும் நிரலை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2018இல் அவர்கள் மூலநிரலை மூடிக்கொண்டார்கள். அதுவரை வெளியாகியிருந்த நிரலை எடுத்துக்கொண்டு சிலபேர் அந்த டிசம்பரிலேயே தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் ஜெல்லிஃபின். கணக்குத் திறக்க வேண்டாம், காசும் வேண்டாம். நம் மெஸ் புரட்சி மாதிரி, ஆனால் இது ஜெயித்தது.

இங்கிருந்துதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கேள். சர்வரிலிருந்து ஒரு படம் டிவிக்குப் போக இரண்டு வழி. அந்த ஃபைல் எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) இருக்கிறதோ அது டிவிக்குப் புரிந்தால், அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம். சர்வருக்குத் தபால்காரர் வேலைதான். புரியாவிட்டால், படம் ஓட ஓட அதை வேறொன்றாக மாற்றிக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்பது அதுதான், முதுகொடியும் வேலை. 2003இல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாப் பெட்டிக்கும் புரியும். 2018இல் வந்த ஏவி1 புதுசுகளுக்குத்தான் புரியும். இன்டெல் சிப்புகளில் இந்த மாற்று வேலைக்கென்றே குயிக் சிங்க் என்று ஒரு பகுதி 2011இலிருந்து இருக்கிறது. என் மினி பிசியிலும் இருந்தது. நான்தான் அமைப்புகளில் அதைத் தட்டிவிடாமல், ஃபேன் அலறுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

அதைச் சரிசெய்த பிறகும் ஒரு படம் மட்டும் திக்கியது. நான்கு இரவு மண்டையை உடைத்துக்கொண்டேன். குற்றவாளி சப்டைட்டில்! ப்ளூ-ரேயில் அது எழுத்தாக இருப்பதில்லை, குட்டிக் குட்டிப் படங்களாக இருக்கிறது. அதைக் காட்டத் தெரியாத டிவிக்காக, சர்வர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதை ஒட்டி முழுப் படத்தையும் புதிதாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அப்புறம் 4கே. வைஃபையை நம்பாமல் சுவரில் ஓட்டை போட்டு டிவி வரைக்கும் கேபிள் இழுத்தேன். படம் முன்னைவிட மோசம். 4கே ப்ளூ-ரேயின் உச்ச வேகம் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும். டிவியின் பின்னால் உள்ள கேபிள் துளையோ வெறும் 100. கேபிளைப் பிடுங்கி வைஃபைக்குத் திரும்பியதும் வெண்ணெயாக ஓடுகிறது. சுவரில் ஓட்டை அப்படியே இருக்கிறது. இவர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார்.

சரி, உன் கேசட். நான்கையும் மூன்றே நாளில் இறக்கிவிட்டேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜிபி, மொத்தம் 52. ஜெல்லிஃபின் நான் வைத்த பெயரைப் பார்த்து, அதே பெயரில் எங்கோ எடுத்த ஒரு பேய்ப்படத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டது. உன் அம்மா தையல் போடும் வீடியோவுக்கு ரத்தம் சொட்டும் கோடரி. விழுந்து விழுந்து சிரித்தேன். ‘வீட்டு வீடியோ’ என்ற வகையில் தனி நூலகம் திறந்து போட்டால் இந்த வம்பு இல்லை. அந்தப் போஸ்டரை உனக்கு அனுப்பிச் சீண்டலாம் என்றுகூட நினைத்தேன். அனுப்பியிருந்தால், கேசட் தயார் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும், வீடியோவையும் கேட்டு வாங்கியிருப்பாய்.

இனிமேல் மெதுவாகப் படி.

என் இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் போகும், ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். ரெய்டு (RAID) என்பார்கள், 1988லிருந்து இருக்கும் பெயர். ‘ரெய்டு பேக்கப் ஆகாது’ என்று அனுபவப்பட்டவர்கள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். நானும் படித்தேன், தலையாட்டினேன். ஒருநாள் இரவு ஒரு மணிக்கு ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். உன் கேசட் வீடியோவுக்கு ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர். ஒன்று நகல் என்று நினைத்து அழித்தேன். அது நகல் இல்லை, மற்றது காலியாக இருந்தது. கண்ணாடி கண்ணாடியின் வேலையைச் சரியாகச் செய்தது. நான் முகத்தில் கரி பூசிக்கொண்டேன், அதுவும் பூசிக்கொண்டது. இது தெரியாமல் அன்று இரவே 400 ஜிபி படங்களை அதே டிஸ்க்கில் கொட்டினேன். ஒன்பது நாள் கழித்துத்தான் கவனித்தேன். மீட்கும் மென்பொருள் எதிலும் ஒன்றும் வரவில்லை. 8 டெராபைட்டில் 52 ஜிபி என்றால் ஒரு சதவீதம்கூட இல்லையடி. அந்த இடத்தை மிச்சம் பிடித்து நான் என்ன சாதிக்கப் போனேன்?

கேசட்டுகள் இருக்கின்றனவே என்று மறுபடி கேமராவில் போட்டேன். மூன்று பழுதில்லாமல் வந்தன. நான்காவது, ‘2001’ என்று உன் அப்பா கையெழுத்தில் இருக்கிறதே, அதில் நடுவில் பதினொரு நிமிடம் வரவில்லை. படம் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது. டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன், வேறொரு கேமராவும் இரவல் வாங்கிப் பார்த்தேன், அதே இடம்தான். குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. முதல் தடவை ஒழுங்காக ஓடிய கேசட் இது. டேப் அதற்குள் என்ன ஆனதோ.

முதல் தடவை ஓடியபோது நான் முழுசாகப் பார்த்தேன். அதனால் நினைவிருக்கும்போதே எழுதிவிடுகிறேன். உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ நீல நிறத் துணிக்கு ஓரம் தைக்கிறார்கள். ‘என்னத்தைப் படம் பிடிக்கிறீங்க, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க’ என்கிறார்கள். உன் அப்பா கேமராவை அணைக்காமலே மேசைமேல் வைத்துவிடுகிறார். அதன்பிறகு எல்லாம் சாய்வாகத் தெரிகிறது. கண்ணாடியைத் தேடுகிறார், அலமாரி, பை, மேசைக்கடியில் எல்லாம். கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. உன் அம்மாவுக்குத் தெரியும், சொல்லவில்லை. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்குகிறார்கள். நீ வருகிறாய், இரட்டைப் பின்னல், ஒன்றில் ரிப்பன் இல்லை. நீயும் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் நிற்கிறாய். அவரே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்போது மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். சிதறின சதுரங்களுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு இன்னும் கேட்கிறது. அதைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதிக் கிழித்ததில்தான் ஏழு மாதம் போனது.

இப்போது டிஸ்க்கில் ஃபைல்களை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் (ZFS) மணிக்கொரு தரம் ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. நான் எதை அழித்தாலும் பழைய நிலைக்குப் போகலாம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஃபைலையும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்துச் சரிபார்க்கிறது. ஆனால் வீடே எரிந்தால் இதெல்லாம் சேர்ந்தே எரியும். மூன்று பிரதி, இரண்டு வகை இடம், அதில் ஒன்று வேறு வீட்டில் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த வேறு வீடு உன் வீடாக இருக்கட்டும்.

கேமரா, நான்கு கேசட், அவற்றோடு ஒரு சின்ன டிஸ்க், மூன்றும் பார்சலில் வருகின்றன. கேசட்டைத் தயவுசெய்து போட்டுப் பார்க்காதே, டிஸ்க்கில் பார். அதில் என் வீட்டுப் புகைப்படங்களும் இருக்கின்றன, உன் பீரோவில் புடவைக்கடியில் வை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுசு அனுப்புவேன், பழசைத் திருப்பி அனுப்பு. பூட்டி வைத்திருக்கிறேன். கடவுச்சொல் வார்டனுக்கு நாம் வைத்த பெயர், இடைவெளி விடாமல், கடைசியில் நம் அறை எண். எங்கேயும் எழுதி வைக்காதே. நெட்டையிடம் சொல்லிவிடாதே, அவள் வார்டனிடமே போய்ச் சொன்னவள்.

உன்,
கொசு