நிழல் தெற்கே விழுகிற ஊர்

மஞ்சக்குப்பம்,
கடலூர்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ இதுவரை அனுப்பிய பாடத்திட்டப் பகுதிகளை முழுவதும் படித்துவிட்டேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பொது அறிவை மனப்பாடமாக இல்லாமல், கேள்வி கேட்டுத் தேடிக் கற்கிற பாடமாக வைக்க உங்கள் குழு முடிவு செய்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏழு வயதுப் பிள்ளை தலைநகரங்களை ஒப்பித்தால் கை தட்டுகிற வழக்கம் ஒழிந்தால் நல்லதுதான். கெடிலத்துப் பாலத்தை நாள்தோறும் கடந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு நைல் நதியின் பெயர் தெரிகிறது. கெடிலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் விழிக்கிறது.

பாராட்டு இத்தோடு போதும். சிவப்புப் பேனாவை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் வகுப்பில் 'நம் தேசியப் பறவையைக் கண்டுபிடிப்போம்' என்று ஒரு வாரம் வைத்திருக்கிறாய். எப்படியம்மா கண்டுபிடிக்கும்? பறவைப் படங்களைப் பரப்பி வைத்து, எது நம் நாட்டுக்குப் பொருத்தம், ஏன் என்று பேசச் சொல்லியிருக்கிறாய். இங்கே தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளைக் கேட்டால் கொக்கு என்பார்கள், காகம் என்பார்கள். காரணமும் சொல்வார்கள், நல்ல காரணமாகவே சொல்வார்கள். கடைசியில் ஆசிரியர் 'இல்லை, மயில்' என்று முடிப்பார். டீச்சர் மனதில் ஒரு விடை முன்பே இருந்தது, நாம் பேசியதெல்லாம் வீண் என்பதுதான் அன்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம். மயில் தேசியப் பறவை என்பது 1963-ல் அரசு எடுத்த முடிவு. ஒருவர் சொன்னால்தான் இன்னொருவருக்குத் தெரியும். சொல்லிவிடு, அரை நிமிட வேலை. அதைத் தேடல் என்று அழைக்காதே.

இதுதான் என் ஒரே குறை. பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு உருவில் வருவதால் கடிதம் நீள்கிறது. பிள்ளை தானே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது எது, பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எது, நாம் நேரடியாகச் சொல்லிவிட வேண்டியது எது என்று நீ பிரிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் 'கண்டுபிடிப்போம்' என்று தலைப்புப் போட்டுவிட்டாய். உண்மையிலேயே கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று கையில் கிடைத்தபோதோ, விடையை நீயே அச்சடித்துக் கொடுத்துவிட்டாய்!

நிழல் பாடத்தைச் சொல்கிறேன். 'நண்பகலில் நிழல் வடக்குப் பக்கம் விழும்' என்று ஆசிரியர் குறிப்பில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்களோ, அது டெல்லிக்குச் சரி. அங்கே வருடம் முழுவதும் அப்படித்தான். நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட கம்புக்கு நிழலே இல்லாமல் போகும். அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். உன் பாடத்தை ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நடத்தச் சொல்லியிருக்கிறாய். கடலூரில் ஓர் ஆசிரியை குறிப்பைப் படித்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்து நின்றால், நிழல் புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம் கிடக்கும். பாவம், தான்தான் திசையைத் தவறாகப் பார்க்கிறோம் என்று நினைத்து எல்லோரையும் உள்ளே அழைத்துப் போய்விடுவார்.

அந்தக் குறிப்பை அடித்துவிட்டு இப்படி வை. ஒரு மீட்டர் கம்பு ஒன்றை முற்றத்தில் நேராக நட வேண்டும். ஜூன் கடைசியில் ஒருநாள், பதினொன்றரை மணியிலிருந்து நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்துக்கொண்டே வர வேண்டும். மிகக் குட்டையான நிழல் பன்னிரண்டு மணிக்கு வராது. இங்கே பன்னிரண்டு பத்து வாக்கில்தான் வரும். அதை மணியடித்துச் சொல்லாதே, பிள்ளைகளே கற்களைப் பார்த்துச் சொல்லட்டும். தெற்கே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், நம் கைக்கு ஒரு சாண். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதே கம்பு, டிசம்பர் கடைசி. மழை விட்டு வெயில் வருகிற நாளாகப் பார்த்து மறுபடி அளந்தால் நிழல் வடக்கே 70 சென்டிமீட்டர் நீண்டு கிடக்கும். பக்கம் மாறியிருக்கிறது, நீளமும் மூன்று மடங்குக்கு மேல். 'கம்பை யாராவது நகர்த்தியிருப்பார்கள்' என்று ஒரு பிள்ளை நிச்சயம் சொல்லும். சொல்லட்டும். நகர்த்தவில்லை என்று எப்படி நிரூபிப்பது என்று அதனிடமே கேட்கலாம்.

முதல் வகுப்புக்கு இவ்வளவு போதும். கடகரேகை, பூமியின் சாய்வு எதையும் அந்த வயதில் இழுக்காதே. பெரிய வகுப்புக்குப் போகும்போது அந்தச் சுண்ணாம்புக் கோடு நினைவில் இருந்தால் விளக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, அளவுகோலை முதல் நாளே கொடுத்துவிடாதே. அவரவர் சாணால் அளக்கச் சொல். ஒருவன் ஐந்து என்பான், இன்னொருத்தி நாலரை என்பாள், சண்டை வரும். அளவுகோல் எதற்கு என்பதற்கு அந்தச் சண்டையைவிட நல்ல பாடம் கிடையாது.

இனி, பார்ப்பதில் தொடங்கிச் சொல்வதில் முடிகிற விஷயம். இரண்டாம் வகுப்பு 'நம் மாநிலம்' பாடத்தில் வரைபடத்தைக் கொடுத்து எல்லைகளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறாய். கடலூர்ப் பிள்ளைக்கு வரைபடம் எதற்கு? ஆல்பேட்டை தாண்டித் தென்பெண்ணைப் பாலம் ஏறி இறங்கினால் சற்று நேரத்தில் முள்ளோடை, அங்கே புதுச்சேரி எல்லை. எண் பலகையில் டி.என். 31 என்று ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு நடுவே பி.ஒய். 01 பெருகும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் இதைப் பார்த்துவிடும். (எல்லையில் உள்ள கடைப்பலகைகள் என்ன விற்கின்றன என்பதையும் பார்க்கும். அதற்கும் ஆசிரியர் ஒரு பதிலோடு தயாராக இருக்கட்டும்.)

அது வரை பிள்ளையின் கண். 'ஏன் இங்கே வேறு அரசு? மலையாளக் கரையில் உள்ள மாஹேயும், ஆந்திரத்துக்குள் இருக்கிற ஏனாமும், நமக்குத் தெற்கே உள்ள காரைக்காலும் எப்படிப் புதுச்சேரியோடு சேர்ந்தன?' என்று அடுத்த கேள்வி வந்ததும் தேடல் நின்றுவிட வேண்டும். எத்தனை வாரம் முற்றத்தில் நின்றாலும் இதற்கு விடை கிடைக்காது. பிரெஞ்சுக்காரர்கள் கடலோரத்தில் அங்கங்கே வைத்திருந்த ஊர்கள் இவை. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முழுமையாயிற்று. பிள்ளைகளுக்கு ஆண்டுகள் வேண்டாம், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும். கதையாகச் சொல்லட்டும். நன்றாகச் சொல்லப்பட்ட கதையைக் கேட்பதும் கற்றல்தான். உங்கள் குழுவில் ஆசிரியர் வாயைத் திறந்தாலே குற்றம் என்பதுபோல் யாரோ எழுதியிருக்கிறார்கள். நீயாக இருக்காது என்று நம்புகிறேன்.

பழங்கள் பகுதியில் ஆப்பிளை எடுத்துவிட்டுப் பலாவை வை. பண்ருட்டி இத்தனை பக்கத்தில் இருக்கும்போது ஆப்பிள் எதற்கு? ஒரு பழத்துக்குள் ஏன் இத்தனை கொட்டை என்று கேட்கவிட்டு, அறுத்துக் காட்டச் சொல். ஒவ்வொரு சுளையும் தனித்தனிப் பூவிலிருந்து வந்தது, கருவுறாத பூக்கள்தான் சடையாகக் கிடக்கின்றன என்பதைக் கையில் வைத்தே காட்டலாம். முந்திரியும் நல்லதுதான், பழம் என்று நாம் சொல்வது வீங்கிய காம்பு, உண்மையான கனி வெளியே தொங்குகிற கொட்டை. ஆனால் பச்சைக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் போடு.

பெரியவர்களைக் கேட்டு வரச் சொல்லும் பகுதியில் 2004 சுனாமியை வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. கடலோரக் குடும்பங்களில் யாரை இழந்தார்கள் என்று தெரியாமல், எட்டு வயதுப் பிள்ளையின் கையில் அந்தக் கேள்வியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. யாராவது தாமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதில் 2011 டிசம்பர் 30-ல் கரையேறிய தானே புயலைக் கேட்கச் சொல். புயலிலும் இழப்பு உண்டு. ஆகவே ஆட்களைப் பற்றிக் கேட்காமல், தோப்பில் என்னென்ன மரம் நின்றது, எதெது விழுந்தது, விழுந்த இடத்தில் பிறகு என்ன நட்டார்கள் என்று கேட்கட்டும். பலாவும் முந்திரியும் சாய்ந்த கணக்கு இந்தப் பக்கத்துப் பாட்டிகளுக்கு விரல்நுனியில் இருக்கும். இரண்டு பாட்டிகள் இரண்டு விதமாகச் சொன்னால் இன்னும் நல்லது. மூன்றாவது பாட்டியைத் தேடிப் போகலாம்.

மதிப்பீட்டுப் பக்கங்கள் தேவையில்லாத நீளம். ஒரு பக்கம் போதும்.

கடைசியாக ஆசிரியரைப் பற்றி. பாட அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே செய்து கற்கிற செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் வந்தபோது நான் பாயில் உட்கார்ந்து பாடம் நடத்தியவள். நல்ல முறைதான், பிள்ளைகள் பயமில்லாமல் பேசினார்கள். ஆனால் வந்து பார்க்கிறவர்கள் எத்தனை அட்டை முடிந்தது என்று எண்ண ஆரம்பித்ததும், பிள்ளைகளும் அட்டையை முடிக்கவே ஓடினார்கள். உன் திட்டத்தில் வாரத்துக்கு ஒரு தேடல் என்று கட்டம் போட்டிருப்பதைப் பார்த்தால் அதே ஓட்டம்தான் வரும். பல வகுப்புகளை ஒருவரே பார்க்கிற பள்ளிகள் இங்கே நிறைய உண்டு. பருவத்துக்கு இரண்டே தேடல் வை, மீதி வாரங்களைக் காலியாக விடு. அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு அந்த இடம் வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பகுதி தயாரானதும் அனுப்பு. இந்த முறை தாளில் அச்சடித்துத் தபாலில் போடு. கைப்பேசியில் படித்து எனக்குக் கண் எரிகிறது. எழுத வரி இடைவெளியும் விடு. அப்பாவுக்கும் சொல்ல ஏதோ இருக்கிறதாம்.

அன்புடன்,
அம்மா