மென்பொருள் சிந்தசைசர் ஒலிப்பதிவுப் பெட்டி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய அனலாக் சிந்தசைசர்களைப் போலச் செய்யும் மென்பொருள்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவற்றை ‘பழைய கருவிகளின் ஒலிப்பதிவுத் தொகுப்பு’ என்று குறிப்பிட்டிருந்தது. ஒலிப்பதிவை வைத்து ஓடுபவையும் உண்டு. ஆனால் மினிமோக் என்ற பழைய சிந்தசைசரைப் போலச் செய்யும் பிளக்-இன்களில் (இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் மென்பொருள்களில்) பெரும்பாலானவை அந்த ரகம் அல்ல. 1970-இல் வந்த மினிமோக் மாடல் டி-யின் ஒலி அலையை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர்களும், அதன் உயர் அதிர்வெண்களை வடிகட்டும் டிரான்சிஸ்டர் ஏணி ஃபில்டரும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சமன்பாடுகளாக்கி, நொடிக்கு 44,100 முறையோ அதற்கு மேலோ கணக்குப் போட்டு ஒலியை அந்தக் கணமே உண்டாக்குகின்றன. வாங்குமுன் எதைச் சோதிப்பது என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

முதலில் பார்க்க வேண்டியது அலியாசிங். ரம்பப்பல் அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் மேற்சுரங்களாக இருக்கும். 44,100 சாம்பிள் ரேட்டில் (சாம்பிள் என்பது ஒருமுறை கணக்கிட்ட மதிப்பு) அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. 3,000 ஹெர்ட்ஸ் சுரத்தை வாசித்தால், 24,000-இல் இருக்க வேண்டிய மேற்சுரம் மடங்கி 20,100-இல் விழும். 27,000-இல் இருப்பது 17,100-க்கும், 30,000-இல் இருப்பது 14,100-க்கும் இறங்கும். இவை 3,000-இன் மடங்குகள் அல்ல என்பதால் சுருதி சேராமல் கரகரக்கும். எதிரொலி தரும் ரெவெர்ப், ஒலியை அடர்த்தியாக்கும் கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபில்டரை முழுக்கத் திறந்து, ஒரே ஒரு ஆசிலேட்டரை வைத்துக்கொண்டு உச்சஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டை மெல்ல ஏற்றுங்கள். சுரம் மேலே போகும்போது கூடவே இன்னொன்று கீழே இறங்கினால் அதுதான் அலியாசிங். ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே இன்னும் அதிக முறை கணக்கிடுவதை) கூட்டினால் குறையும். பிராசசர் சுமை ஏறும் என்பதால், வாசிக்கும்போது குறைவாகவும் இறுதிப் பதிவின்போது அதிகமாகவும் வைப்பது நல்லது.

அடுத்தது ஃபில்டர். அனலாக் சுற்றில் ஃபில்டரின் வெளியீடு உள்ளீட்டுக்கு உடனுக்குடன் திரும்புகிறது. எளிமையாக எழுதிய மென்பொருளில் அங்கே ஒரு சாம்பிள் தாமதம் புகுந்துவிடும். ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்ணான கட்-ஆஃப் ஏற ஏற, அந்த இடத்தில் ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸ் தன் இடத்தை விட்டு விலகும். டிவா போன்ற பிளக்-இன்கள் அந்தத் தாமதம் இல்லாமல் கணக்கிடுகின்றன, கணினியை அவை திணறடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ரெசனன்ஸை ஏற்றும்போது அடிச்சுரம் மெலிவதைச் சிலர் பிளக்-இன்னின் குறை என்கிறார்கள். அது அசல் ஏணி ஃபில்டரின் குணமே.

கட்-ஆஃப் குமிழைத் திருகும்போது ஒலி படிப்படியாகத் தாவினால் அதற்கும் கணக்கு உண்டு. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ 10 ஆக்டேவ், அதாவது 120 அரைச்சுரங்கள். மிடி (இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வழியே சாதாரணக் குமிழ் அனுப்புவதோ 0 முதல் 127 வரைதான். ஒரு படிக்குக் கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம்! பிளக்-இன்னில் இந்தத் தாவலை நிரவும் ஸ்மூதிங் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் குமிழின் வீச்சைக் குறுக்குங்கள்.

‘உயிரில்லை’ என்ற கட்டுரையாளரின் புகாருக்குக் காரணம் பல நேரம் அமைப்புகளில் இருக்கிறது. மினிமோக் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். இரண்டு கட்டைகளை அழுத்தினால் கீழ்க்கட்டைக்கே முன்னுரிமை. எல்லா விரல்களையும் எடுத்தால்தான், சுரம் எழுந்து தேயும் விதத்தை அமைக்கும் என்வலப் மறுபடி தொடங்கும். பிளக்-இன் ‘கடைசிச் சுரம்’, ‘ரீட்ரிகர்’ (ஒவ்வொரு கட்டைக்கும் என்வலப் புதிதாகத் தொடங்குவது) என்ற நிலையில் இருந்தால் அந்த வாசிப்பு எப்படி வரும்? இரண்டையும் மாற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள்.

சுருதி விலகலைக் கண்ட இடமெல்லாம் சேர்ப்பதும் தவறு. 1978-இன் புராஃபெட்-5 சிந்தசைசரில் ஐந்து குரல்களுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஐந்து சுரங்களுக்கும்) தனித்தனி ஆசிலேட்டர்கள் என்பதால் குரலுக்குக் குரல் இரண்டு மூன்று சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகல் பொருந்தும். பத்துக்கு மேல் போனால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு கலங்கிவிடும். 1984-இன் ஜூனோ-106 சிந்தசைசரில் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் கட்டிப்போடுகிறது, அதன் அடர்த்தி பெரும்பாலும் கோரஸிலிருந்து வருவது. அதன் மென்பொருள் வடிவத்தில் விலகல் குமிழைத் திருகினால் அது ஜூனோவாக இருக்காது.

கட்டை அழுத்தியும் ஒலி தாமதமாக வந்தால் பஃபரை (கணினி ஒருமுறைக்குச் சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கையை) பாருங்கள்: 44,100-இல் 512 சாம்பிள் என்றால் 11.6 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.9. வாசிக்கும்போது 128, கலவையின்போது 512 அல்லது அதற்கு மேல்.

பேனலில் மர விளிம்பையும் கீறலையும் எவ்வளவு தத்ரூபமாக வரைந்திருக்கிறார்கள் என்பதற்குக் கட்டுரை இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தது. அடுத்த முறை அந்த இடத்தை இந்தச் சோதனைகளுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறை வாசகர்